அஞ்சலை அக்காவும் சொல்லாமல் போன பிள்ளையும்

மலையடிவாரத்துத் தாப்பாவில் நாங்கள் குடியிருக்கும் கடைவீட்டு மாடிக்குக் கீழே ஒரு மளிகைக் கடை இருக்கிறது. எனக்கு வரும் தொலைபேசி அழைப்பெல்லாம் அந்தக் கடைக்குத்தான் வரும். போன வாரம் ஒரு நாள் காலையில் கடைக்காரர் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டு, "சரசு, மேல இருந்து போன்!" என்று குரல் கொடுத்தார். மேல என்றால் எங்களுக்குக் கேமரன் மலைதான். என் ஆயுளில் பாதிக்கு மேல் நான் கொழுந்து வெட்டிய தேயிலைத் தோட்டம் அங்கே இருக்கிறது.

பேசியது லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்த பார்வதி. "அஞ்சலை அக்கா போய்ட்டாங்க லா. வேல செய்யிற எடத்துலயே. கொழுந்து வெட்டுற கத்திரிய மடியில வச்சிக்கிட்டு உக்காந்தாங்க, எந்திரிக்கல."

நான் முதலில் அழவில்லை. "சேகருக்குச் சொல்லியாச்சா?" என்று அக்காவின் மகனைப் பற்றித்தான் கேட்டேன். பார்வதி, "யாருகிட்ட அட்ரஸ் இருக்கு?" என்றாள்.

அஞ்சலை அக்காவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரால் பிழைத்த பிள்ளைகள் இன்று ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலையில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோருக்கு அவர் பேச்சு எவ்வளவு சுடும் என்பது நினைவிருக்கும். ஆனால் அந்தப் பேச்சு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது பின்னால் தோட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்த நாங்களும் வெளியே சொல்லாமல் இருந்தோம். நல்லதை மட்டும் எழுதி அஞ்சலி செலுத்தினால், "எவளப் பத்தி எழுதியிருக்க சரசு?" என்று அக்காவே கேட்டிருப்பார். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எழுபதுகளில் எங்கள் லயத்திலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் மிகக் குறைவு. தமிழ்ப் பள்ளியில் ஆறாவது முடித்ததும் பெரும்பாலும் மலைக்குக் கொழுந்து வெட்ட வந்துவிடுவார்கள். அக்காவின் ஒரே மகன் சேகர், தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் மலாய் பழகும் புகுமுக வகுப்பைத் தாண்டி, தானா ராத்தா டவுனில் இரண்டாம் படிவம் படித்துக்கொண்டிருந்தான். அக்காவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. வெள்ளைச் சட்டையைக் கரி இஸ்திரிப் பெட்டியில் தேய்த்து, வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைப்பார். கணவர் கோவிந்தன் அண்ணன் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுகிறவர். வாய் திறந்து பேசாத மனிதர். வீட்டில் பேச்சு, கண்டிப்பு, முடிவு எல்லாம் அக்காதான்.

ஒரு சனிக்கிழமை அக்கா டவுனுக்குச் சாமான் வாங்கப் போனார். கியா பார்மில் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண் பேச்சுவாக்கில், "ஒன் மவன் நல்லா முட்டக்கோசு கழுவுறான் அஞ்சல. யூனிபாம கழட்டி மடிச்சு வச்சிட்டு வேல பாக்குறான்" என்று சொல்லிவிட்டாள். சேகர் பள்ளிக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பி, பல வாரங்களாக ஒரு சீனரின் காய்கறித் தோட்டத்தில் கூலி வேலை செய்திருக்கிறான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லயத்தில் எல்லோரும் வீட்டில் இருந்தோம். அக்கா சேகரின் கையைப் பிடித்து இழுத்து வந்து பொதுக் குழாயடியில் உட்கார வைத்தார். இன்னொரு கையில் கொழுந்து வெட்டும் பெரிய கத்தரிக்கோல். எங்கள் கண்ணெதிரே அவன் தலைமுடியை அதனால் வெட்டத் தொடங்கினார்.

"ஏன்டா போவல? சொல்லு!" என்று ஒரு வெட்டு. "வாயத் தொறடா! எவன் ஒனக்கு இத சொல்லிக் குடுத்தான்?" என்று இன்னொரு வெட்டு. அந்தக் கத்தரி முடி வெட்டச் செய்ததல்ல. சில இடங்களில் தோலோடு பிய்ந்து ரத்தம் வந்தது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. சட்டை இல்லாத உடம்பு நடுங்கியது. சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்தார்கள். பெரியவர்கள், "பிள்ளைக்குப் பயம் இருக்கணும்" என்று பேசிக்கொண்டார்கள். கோவிந்தன் அண்ணன் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சேகர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருமுறை வாயைத் திறந்தான், தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் இழுத்தது, உடனே மூடிக்கொண்டான். அக்கா அதைத் திமிர் என்று நினைத்தார். "பாத்தியா அழுத்தத்த!" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார்.

திங்கட்கிழமை அதே தலையோடு அவனுக்கு வெள்ளைச் சட்டை மாட்டி, பேருந்து நிற்கும் இடம்வரை தானே கூட்டிப்போய் ஏற்றிவிட்டார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மாலை வீட்டுக்கும் வரவில்லை. கோலா தெர்லாவில் காய்கறி ஏற்றிக் கீழே போன ஒரு லோரியில் அவனைப் பார்த்ததாகப் பிறகு யாரோ சொன்னார்கள்.

அக்கா தேடினார். வேலை இல்லாத நாட்களில் கோலா தெர்லா சாலையோரம் நின்று, ஒவ்வொரு லோரியாகக் கை காட்டி நிறுத்தி விசாரிப்பார். சில டிரைவர்கள் பரிதாபப்பட்டார்கள். சிலர் நிறுத்தாமல் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போனார்கள். ஈப்போவில் இருக்கிறான் என்றார்கள். சிங்கப்பூருக்குப் போய்விட்டான் என்றார்கள். இரண்டு ஊருக்கும் போய் அலைந்துவிட்டு வந்தார்.

காரணம் தெரிந்தது சேகருடன் படித்த பாலனிடமிருந்து. அவனும் எங்கள் லயத்துப் பிள்ளைதான். அக்கா கெஞ்சிக் கேட்டபோது தலையைக் குனிந்தபடி சொன்னான். "அவனுக்கு மலாய் வாசிக்கும்போது திக்கும் அத்த. வாத்தியாரு நாற்காலி மேல ஏத்தி நிக்க வச்சு வாசிக்கச் சொல்வாரு. வகுப்பே அவன மாதிரி திக்கிக் காட்டும். பெல் அடிக்கிற வரைக்கும் எறக்க மாட்டாரு. தெனமும்."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?" என்று அக்கா கேட்டார். பாலன் தயங்கினான். "சொல்ல வந்தானாம். நீங்க வேலையா இருந்தீங்களாம்."

அவன் சொல்ல வந்த அந்த மாலை அக்காவுக்கு நினைவு வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அதை அவர் மறக்கவே இல்லை. மலையிலிருந்து வந்து கத்தரியைக் கழுவிக்கொண்டிருந்தாராம். சேகர் பின்னால் வந்து, "அம்மா, இஸ்கூல்ல..." என்று ஆரம்பித்தானாம். இவர் திரும்பாமலேயே, "இஸ்கூல்ல என்ன, மொத ஆளா வந்துட்டியா?" என்றாராம். அவன், "ஒன்னுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். "அவ்வளவுதான் சரசு. அந்த ஒன்னுமில்லையில என் புள்ள போயிட்டான்" என்பார்.

கோவிந்தன் அண்ணன் அதற்குப் பிறகு அக்காவுடன் பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று அக்கா சொல்வார். போட்டதைச் சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார், வேலைக்குப் போவார். அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். மனிதக் குரல் கேட்காது. கடைசிவரை அப்படித்தான்.

அக்காவை வேறு ஆளாகப் பார்த்தது சில ஆண்டுகள் கழித்து, கடைசி வீட்டு மாரிமுத்து தன் மகனைப் பெல்ட்டால் அடித்த அன்று. பையன் பரீட்சையில் தோற்றுவிட்டான். அலறல் லயம் முழுக்கக் கேட்டது. யாரும் போகவில்லை. அக்கா போனார். கதவைத் தள்ளித் திறந்து, வாசற்படியில் நின்றார். தடுக்கப் போகிறார் என்று நினைத்தோம்.

"அடி மாரி, நல்லா அடி. நிறுத்தாத" என்றார். "எங்க வீட்ல ஒரு பாய் சும்மா சுருட்டிக் கெடக்கு. விரிக்க ஆளில்ல. ஒங்க வீட்லயும் ஒன்னு அப்படிக் கெடக்கட்டும். அப்புறம் நீயும் நானும் ஒன்னா போயி லோரி லோரியா நிறுத்தலாம்."

மாரிமுத்துவின் கை அந்தரத்தில் நின்றது. அவர் மனைவி சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். அக்கா அவளையும் விடவில்லை. "இப்ப அழுது என்ன புண்ணியம்? அவன் தோத்ததே ஒனக்கு இன்னிக்குத்தான் தெரியும். அவனுக்கு வருசம் பூராத் தெரியும். அத்தன நாளு ஒரே வீட்ல சோறு போட்டியே, மொகத்தப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதிலிருந்து பல வீடுகளுக்கு இப்படிப் போனார். யாரும் கூப்பிட்டதில்லை. பலர் அவரை வெறுத்தார்கள். "சொந்தப் புள்ளையைத் துரத்துனவ ஊருக்குப் புத்தி சொல்ல வந்துட்டா" என்று குழாயடியில் அவர் காதுபடவே சொன்னார்கள். "ஆமா, துரத்துனவதான். அதனாலதான் எனக்குத் தெரியும்" என்று பதில் சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார். வீட்டுக்குப் போய் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் எதுவும் கேட்டதில்லை.

என் வீட்டுக்கும் ஒரு நாள் அவர் வந்தார். என் மூத்தவள் மல்லிகாவுக்கு அப்போது பதினாறு வயது. திடீரென்று சாப்பாடு இறங்கவில்லை. பள்ளி வேனில் ஏற மாட்டேன் என்று காலையில் அடம். ஏன் என்று கேட்டால் எரிந்து விழுவாள். எவனையோ மனதில் வைத்துக்கொண்டு நடிக்கிறாள் என்று என் வீட்டுக்காரர் முடிவே செய்துவிட்டார். "பள்ளிக்கூடத்த நிறுத்திட்டு மலைக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். அன்று அவளை உட்கார வைத்து, நாங்கள் இருவரும் எதிரே உட்கார்ந்து விசாரித்தோம். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மலையில் அக்கா என் பக்கத்து வரிசைக்கு வந்தார். "நேத்து ஒங்க வீட்ல போலீஸ் ஸ்டேசன் நடந்துச்சே, என்ன கேசு?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் பொருட்படுத்தவில்லை. வெட்டிக்கொண்டே சொன்னார்: "எதுக்க உக்காராத. பக்கத்துல உக்காரு. ரெண்டு பேரு கையிலயும் ஒரு வேல இருக்கணும். மூஞ்சியப் பாக்காத. ஒரே ஒரு கேள்வி கேளு, பொறவு வாய மூடிக்க. சும்மா இருக்கிறது ரொம்ப நேரமாத் தெரியும். தாங்கிக்க. 'எங்க காலத்துல'ன்னு மட்டும் ஆரம்பிச்ச, புள்ள எழுந்து போயிரும்."

"அவ சொல்றது அசிங்கமான விசயமா இருந்தா?" என்று கேட்டேன்.

"அசிங்கமானதுதான் சொல்ல முடியாம தொண்டையில நிக்கும். நல்ல சேதின்னா ஓடி வந்து சொல்லியிருக்காதா? சொன்னதுக்கு அடி விழுந்துச்சுன்னா, அடுத்தது ஒங்கிட்ட வராது சரசு. புள்ள கெணத்துக்கிட்டப் போயி சொல்லும்."

அன்று மாலை நெத்திலிப் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டினேன். மல்லிகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவரும் தலை கிள்ளினோம். "வேன்ல ஏற ஒனக்கு என்னமோ கஷ்டமா இருக்கு போல" என்று மட்டும் சொன்னேன். அவள் கிள்ளிக்கொண்டே இருந்தாள். அடுத்த கேள்வி கேட்க நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிள்ளினேன். நெத்திலி முழுக்க முடிந்துபோனது. முடிந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

"டிரைவரு முன் சீட்லதான் உக்காரணுங்கிறாரு" என்றாள். "எல்லாரும் எறங்குன பெறகு என்னக் கடைசியா எறக்குறாரு. கையப் புடிக்கிறாரு. வெளிய சொன்னா நாந்தான் அவருகிட்ட வந்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிருவாராம்."

நீ ஏன் உட்கார்ந்தாய் என்ற கேள்வி என் வாய்வரை வந்துவிட்டது. அம்மாக்களுக்கு முதலில் அந்தக் கேள்விதான் வரும்போல. விழுங்கினேன். "நான் நம்புறேன்" என்றேன். அவள் நெத்திலி வாசம் அடிக்கும் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "இப்ப நான் என்ன செய்யணும்னு நீ நெனைக்கிற?" என்று கேட்டேன். "அப்பாகிட்ட நீயே சொல்லு. நான் இல்லாதப்ப சொல்லு" என்றாள்.

அடுத்த நாள் காலையில் வேனுக்கு முன்னால் நானும் என் வீட்டுக்காரரும் நின்றோம். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும், எங்களுக்கு முன்பே அக்கா அங்கே நின்றார், கையில் கத்தரியோடு. அந்த டிரைவர் கோயில் கமிட்டியில் இருந்தவர், மரியாதைக்குரிய ஆள். அக்கா எல்லாப் பிள்ளைகள் எதிரிலும் அவர் செய்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். மல்லிகாவின் பெயரை மட்டும் சொல்லவே இல்லை. அந்த ஆள் வேனை எடுத்துக்கொண்டு போனவர் எங்கள் தோட்டத்துப் பக்கம் மறுபடி வரவில்லை. லயத்தில் சிலர் அது என் மகள்தான் என்று கண்டுபிடித்துப் பேசத்தான் செய்தார்கள். அவளுக்கு வந்த ஒரு வரன்கூட அதனால் தட்டிப்போனது. ஆனால் அவள் உயிரோடு, பேச்சோடு என் வீட்டில் இருந்தாள். இன்று ஈப்போவில் தாதிப் பயிற்சியில் இருக்கிறாள்.

எங்கள் பிள்ளைகளையெல்லாம் பேச வைத்த அக்காவின் வீட்டுக்கு சேகர் ஒரு தீபாவளிக்கு வந்தான். மீசை வைத்து, அகன்ற தோளோடு, அடையாளமே தெரியவில்லை. யாரோ முதலாளியின் லோரியை லயத்து முன்னால் நிறுத்திவிட்டு இறங்கினான். அக்கா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தார். அவன் இழுத்துக்கொள்ளவில்லை, பிடித்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான்.

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டான். பெற்ற தாயை நீங்கள் என்றான். பிள்ளையாக இருந்தபோது நீ, வா, போ என்றுதான் பேசுவான். அந்த மரியாதையைக் கேட்டதும் அக்காவின் முகம் போன போக்கை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

உள்ளே போய் உட்கார்ந்தான். எனக்குப் பலகாரத் தட்டைக் கொடுத்து அக்கா இருக்கச் சொன்னார். தனியாக இருக்கப் பயந்தார் என்று நினைக்கிறேன். ஒரு கூடை வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில், எதிரே வராமல், தரையில் உட்கார்ந்தார். உரிக்க ஆரம்பித்தார். முகத்தைப் பார்க்கவில்லை. "போன எடத்துல எப்படிடா இருந்த?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

ஊருக்கெல்லாம் சொன்னதை அப்படியே செய்தார். சேகர் வெகுநேரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கு இவ்வளவு வெங்காயம் உரிக்கிறீங்க?" என்றான். "நான் சாப்பாட்டுக்கு இருக்க மாட்டேன்."

கொடுத்த மைலோ பானத்தைக் குடித்துவிட்டு, அப்பாவிடம் வெளியில் கொஞ்ச நேரம் பேசிவிட்டுக் கிளம்பினான். கோவிந்தன் அண்ணன் அவனோடு சிரித்துப் பேசினார். அத்தனை ஆண்டுகளில் அந்த மனிதரின் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். அக்கா எழுந்து வாசலுக்குப் போகவில்லை. லோரி கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் கூடையில் மிச்சமிருந்த வெங்காயத்தையும் உரித்து முடித்தார்.

"அவன் சொல்ல மாட்டான் சரசு" என்றார் என்னிடம். "சொல்ற வயசுல நான் கத்திரிய எடுத்துட்டேன். இப்ப வாய மூடி என்ன பிரயோஜனம்?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சமும் இரக்கம் இல்லை. "கேட்டா எனக்குத்தான் மனசு பாரம் எறங்கும். அவனுக்கு என்ன கெடைக்கும்? போற போக்குல என் சொமையையும் எறக்கி வைக்க அவன்தானா கெடைச்சான்?" என்றார். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்றுதான் எனக்கு இன்னமும் தோன்றுகிறது.

போன் வந்து நான் மேலே போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. கோவிந்தன் அண்ணன்தான் எல்லாம் செய்தாராம். குழியில் பால் தெளிக்கும் நாளில் சேகர் வந்தான். எப்படியோ ஒரு லோரி டிரைவர் மூலம் தகவல் போயிருக்கிறது. லயத்து வாசலில் அவனைச் சுற்றி எல்லோரும் நின்றோம். மாரிமுத்து, பெல்ட் வைத்து அடித்த அதே மாரிமுத்து, அழுதுகொண்டே, "ஒங்கம்மா இல்லன்னா எம் புள்ள இல்லப்பா" என்றார். நான் மல்லிகாவைப் பற்றிச் சொன்னேன். பார்வதி தன் மகளைப் பற்றிச் சொன்னாள். பொறுமையான தாய், எதையும் கேட்டுக்கொள்ளும் தாய் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டே போனோம். ஆறுதல் சொல்வதாக எங்களுக்கு நினைப்பு.

சேகர் எல்லாவற்றையும் கேட்டான். பேச வாயைத் திறந்தபோது முதல் எழுத்தில் திக்கியது. நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு, சொன்னான்: "நீ... நீங்கல்லாம் சொல்ற அந்தம்மாவ எனக்குத் தெரியாது. நான் பாத்ததே இல்ல."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. வழி கேட்டவனுக்குத் தெரியாது என்று சொல்வதுபோல் சொன்னான். பிறகு அப்பாவின் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்தான். கோவிந்தன் அண்ணனை லோரியில் முன்னால் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அந்த வீட்டைத் தோட்ட நிர்வாகம் வேறு யாருக்காவது கொடுக்கும்.

அக்கா நல்லவரா என்று என்னைக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அவர் பேச்சில் இனிமை இருந்ததில்லை. யாரையும் தட்டிக்கொடுத்ததாக நினைவில்லை. அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது ஒரு பயம். பிள்ளை "ஒன்னுமில்ல" என்று சொல்லும்போது வரும் பயம். அதை எனக்குள் போட்டவர் அவர். சாகும்வரை அது போகக் கூடாது என்றே விரும்புகிறேன்.

என் இளையவனுக்கு இப்போது பதினான்கு வயது. இந்த வாரம் பள்ளியிலிருந்து வந்ததும் சுவரோரம் போய் உட்கார்ந்துகொள்கிறான். ஒன்னுமில்லை என்கிறான். நேற்று மாலை அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருட்டும்வரை அவன் எதுவும் சொல்லவில்லை. இன்று மாலையும் போய் உட்காருவேன்.